விஷத்தைப் போட்டவன் யார்? வாருகிறவன் யார்?

கிணத்துக்கடவு என்னும் ஊருக்குப் பெயரிலேயே கிணறு இருக்கின்றது. கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடையிலுள்ள இந்த ஊரும், இதைச் சுற்றியுள்ள கிராமங்களும் தக்காளியும், காய்கறியும், தென்னையும் வைத்துப் பிழைப்பது பெரும்பாலும் பூமிக்குள் இருக்கும் தண்ணீரை நம்பியேயாகும். இப்படிப்பட்ட பூமியின் மேற்கெல்லையில், ராத்திரி வேளையில் லாரி வந்து ஆஸ்பத்திரிக் கழிவையும், மற்ற கண்ட குப்பையையும் தோட்டத்து ஓரத்திலோ கைவிட்ட கல்குழியிலோ கொட்டிவிட்டுப் போவதும், விடிந்ததும் கிராமத்தார் கூடிக் கூச்சல் போடுவதும், சில சமயம் லாரி பிடிபட்டு அபராதம் விதிக்கப்படுவதும் கோவை, பொள்ளாச்சிப் பக்கங்களில் பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கும் சங்கதியேயாகும்.

லாரி பிடிபட்டது என்றவுடன் நம் ஜனங்களுக்குத் திருப்தி வந்துவிடுகின்றது. ஆனால், கொட்டிய பண்டம் என்ன ஆயிற்று? அதை வாரினது யார்? வாரின செலவு யாருடையது? அது கிடந்த இடத்து மண்ணையும், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் பரீட்சை செய்து பார்த்தார்களா? பார்த்திருந்தால் அதன் முடிவை ஊராருக்குச் சொன்னார்களா? இந்தக் கேள்விகளைக் கேட்பார் இல்லை. லாரிக்காரன் கட்டிய அபராதம் கஜானாவுக்குப் போய்விடுகிறது. விஷம் மாத்திரம் மண்ணில் தங்கிவிடுகிறது. இதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கின்றது.

கொட்டினவனே வாரிக்கொண்டு போகும்படி செய்ய முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சமீபத்திலேயே ருஜு இருக்கின்றது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி ஜில்லாவில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கங்களில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் குவிந்து கிடந்தன. கழிவோடு கிடந்த காகிதங்களே அவை எங்கிருந்து வந்தன என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும் என்று கேரள சர்க்காருக்கு உத்தரவிட்டது. கேரளத்திலிருந்து அதிகாரிகளும் லாரிகளும் வந்து, வாரிக்கொண்டு போனார்கள். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கொட்டினவர் யார் என்று தெரிந்தது, நாள் குறிக்கப்பட்டது, உத்தரவிட ஆள் இருந்தது. இம்மூன்றும் சேர்ந்தால் காரியம் நடக்கும். ஒன்று குறைந்தாலும் நடக்காது.

இதைக் கேட்டுவிட்டு, "கேரளத்தார்தான் குற்றவாளிகள், நாம் யோக்கியர்கள்" என்று யாராவது மார்தட்டுவார்களானால் அவர்களை நொய்யல் கரைக்குப் போய் வரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். வெள்ளியங்கிரி மலைச் சாரலில் தெளிந்த நீராகப் புறப்படும் அந்த ஆறு, கோயமுத்தூரையும் திருப்பூரையும் தாண்டிக் கரூர் ஜில்லாவில் காவேரியில் விழுகிறது. பாசனத்துக்காக என்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992ல் முடித்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பும் சாயமும் அதில் வந்து தேங்கியது. சில வருஷங்களுக்குள்ளாகவே, எந்தக் குடியானவனுக்காக அணை கட்டப்பட்டதோ, அந்தக் குடியானவனே "ஐயா, இந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறந்துவிடாதீர்கள்" என்று கெஞ்சும்படி ஆயிற்று. தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி கோர்ட்டுக்குப் போன அதிசயத்தை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? அந்தச் சாயத்தைக் கலக்கினது எந்த அன்னிய நாட்டான்? நம் ஜில்லாக்காரர்களே அல்லவா? ஆகவே விஷத்திற்கு மலையாளம், தமிழ் என்ற பேதம் கிடையாது. லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் இன்னொருவனுக்கும் என்று எங்கே ஏற்பாடு இருக்கிறதோ, அங்கெல்லாம் விஷம் பெருகும்.

நிற்க, அந்த விவசாயிகள் விடாமல் வழக்காடியதன் பயனாக, 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் திருப்பூரில் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கும் முறை பரவலாயிற்று. அதற்கு மாநில சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. தொழில் அழிந்துவிடும் என்று அன்று ஒப்பாரி வைத்தார்கள். திருப்பூரில் பனியன் தொழில் அழிந்துவிட்டதா? இல்லவேயில்லை. ஆனால், கெட்டுப்போன வயலுக்கும் கிணற்றுக்கும் அதே வேகத்தில் பரிகாரம் கிடைத்ததா என்று அணைக்குக் கீழே உள்ளவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இனி ராணிப்பேட்டையைப் பார்ப்போம். அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் கம்பெனி, தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துவந்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டது. கம்பெனி போயிற்று, லாபமும் போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு மாத்திரம் குன்றுபோல் அங்கேயே நின்றுவிட்டது. 2006ல் அமெரிக்காவைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிலையம் உலகத்திலேயே மிகவும் கெட்டுப்போன பத்து இடங்கள் என்று வெளியிட்ட ஜாபிதாவில் ராணிப்பேட்டைக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பிறகும் ஆராய்ச்சி, அறிக்கை, திட்டம், மறு அறிக்கை என்று வருஷங்கள் ஓடின.

இந்த விஷம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொது ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குரோமியத்தில் இரண்டு விதம் முக்கியம். ஒன்று அதிகமாகக் கரையாது, தீங்கும் குறைவு. மற்றொன்று மழை நீரில் சுலபமாகக் கரைந்து, மஞ்சள் நிறமாக மண்ணுக்குள் இறங்கி, ஊற்று ஓடும் வழியே ஓடும். புற்று நோயையும் உண்டாக்கும். குவியல் ஓரிடத்தில் கிடந்தாலும் அதன் சாறு ஒவ்வொரு மழைக்கும் நடந்துகொண்டேயிருக்கும். இதைச் சீர்திருத்தவும் வழி இருக்கின்றது. அன்னபேதி போன்ற மருந்தைச் சேர்த்தால் கெட்ட விதம் நல்ல விதமாக மாறும். குவியலுக்கு அடியிலும் மேலும் களிமண்ணும் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மழை புகாமல் மூடலாம். சுற்றிலும் கிணறு தோண்டி விஷ நீரை இறைத்துச் சுத்தம் செய்யலாம். படித்த இரசாயனக்காரர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல இது. தாமதம் அறிவுக் குறைவால் வந்ததல்ல, "யார் பணம் கொடுப்பது?" என்ற ஒரே கேள்வியால் வந்தது.

தாமதத்திற்கு விலை உண்டு. 2015 ஜனவரி கடைசி நாளில் அதே ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் கழிவுச் சேறு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்திலே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களின் உயிர் போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்காக வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தோலை விற்றவன் வீட்டில் சேறு புகவில்லை.

பண பலமுள்ளவன் விஷயத்தில் என்ன நடக்கிறது என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. அங்கே இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரசம் கலந்த கண்ணாடித் தூளைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளினது வெளிப்பட்டு, 2001ல் மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை மண்ணை எவ்வளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் பிறகு வருஷக்கணக்காக வாதம் நடந்தது. வெள்ளைக்காரன் நாட்டு வீட்டு மண்ணுக்கு ஓர் அளவு, நம் நாட்டுக் காட்டு மண்ணுக்கு ஓர் அளவு என்றால், நம் ஈரலும் நுரையீரலும் வேறு பண்டத்தாலா செய்யப்பட்டிருக்கின்றன?

நம் நாட்டில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. இல்லாத தீட்டுக்கு நம்மவர் வைத்திருக்கும் சட்டங்கள் கொஞ்சமல்ல. இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், இத்தனை நாள் காக்க வேண்டும், இன்னின்ன பண்டத்தால் கழுவ வேண்டும், இன்னாருக்கு இவ்வளவு தட்சிணை கொடுக்க வேண்டும் என்று நாழிகைக் கணக்கு உண்டு. கண்ணுக்கெதிரே மஞ்சளாக ஓடும் உண்மைத் தீட்டுக்கோ எல்லையும் இல்லை, நாளும் இல்லை, செலவுக்குப் பொறுப்பாளியும் இல்லை! அன்றியும், யாரைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே தள்ளினார்களோ, அவர்கள் குடியிருப்பின் பக்கமாகவே குப்பை மேட்டையும் தள்ளுவது. பிறகு வெறுங்கையோடு வாரச் சொல்லி அவர்களையே கூப்பிடுவது. அழுக்குச் செய்கிறவன் மேல் ஜாதி, அழுக்கு எடுக்கிறவன் கீழ் ஜாதி என்ற பழைய முறைதான் புது இரசாயனத்திலும் நடக்கின்றது.

சட்டம் இல்லையா என்றால், வேண்டியமட்டும் இருக்கின்றது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996லேயே சுப்ரீம் கோர்ட் "கெடுத்தவனே கொடுக்க வேண்டும்" என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 29 வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே பகுதி விஷயமாக அதே கோர்ட் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது; சர்க்கார் முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் கெட்டுப்போன நிலங்களைப் பற்றித் தனி விதிகள் வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை ஜில்லா நிர்வாகம் ஆறு மாதத்துக்கொரு முறை தெரிவிக்க வேண்டும்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் சோதனை செய்ய வேண்டும்; செலவு கெடுத்தவனுடையது; அவன் அகப்படாவிட்டால் சர்க்கார்கள் ஏற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். நல்லதுதான். ஆனால் சுத்தம் செய்து முடிக்க நாள் எது? அதற்குக் கெடு வைக்கவில்லை. ஊர்க் குப்பை மேடுகளையும் பொதுவாக அந்த விதிகளுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அப்படியானால் கோவை மாநகராட்சியின் 650 ஏக்கர் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு, 2024 ஏப்ரலில் பல நாள் பற்றியெரிந்து சுற்றுப்புறத்தாரைப் புகையில் மூழ்கடித்ததே, அதன் அடியில் ஊறும் சாற்றுக்கு எந்த விதி பதில் சொல்லும்?

அமெரிக்காவில் நடந்ததைக் கவனியுங்கள். நயாகரா அருகே லவ் கால்வாய் என்னும் பள்ளத்தில் ஒரு இரசாயனக் கம்பெனி சுமார் 21,000 டன் விஷத்தைப் புதைத்து மூடி, 1953ல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூடச் சபைக்கு விற்றுவிட்டது. அதன் மேல் பள்ளிக்கூடமும் வீடும் எழும்பின. 1978ல் விஷம் வீட்டுக்குள் கசிந்தபோது, அங்கிருந்த தாய்மார்கள் வீதிக்கு வந்தார்கள். 1980ல் சட்டம் பிறந்தது. எண்ணெய், இரசாயனக் கம்பெனிகள்மேல் வரி போட்டு நிதி சேர்த்தார்கள். மோசமான இடங்களுக்கு ஜாபிதா போட்டார்கள். முதலில் சுத்தம் செய், பிறகு வழக்காடி வசூல் செய் என்றார்கள். அங்கும் குறை உண்டு. 1995ல் அந்த வரி காலாவதியானதும் பாரம் பொது ஜன வரிப் பணத்தின் மேல் ஏறியது. 2021ல் சட்டம் செய்து இரசாயனங்கள்மேல் மறுபடி வரியைக் கொண்டுவந்தார்கள். இதிலிருந்து தெரிவது, தனி நிதி இல்லாத சட்டம் எண்ணெய் இல்லாத விளக்கு என்பதேயாகும். நம் போபாலிலோ 1984ல் விஷவாயு கக்கிய ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவு வெளியேற 2025 ஆயிற்று!

"சர்க்காரிடம் பணம் இல்லையே" என்பார்கள். வியாதி வந்த பின் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதும், கிணறு கெட்ட பின் லாரித் தண்ணீருக்குக் கொடுப்பதும் பணம் அல்லவா? அதை இன்று கொடுப்பது யார்? கெட்டுப்போனவனே அல்லவா?

ஆகவே மாநில சர்க்காரை நாம் கேட்பது இவ்வளவுதான். ஒன்றாவது, ஒவ்வொரு தாலூக்காவிலும் விஷம் கிடக்கும் இடங்களின் ஜாபிதாவைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சிச் சுவரில் ஒட்டட்டும். இரண்டாவது, சுற்றுவட்டாரக் கிணற்று நீரின் பரீட்சை முடிவையும் கூடவே ஒட்டட்டும். மூன்றாவது, விஷப்பண்டம் உண்டாக்கும் தொழில்களிடம் தொழில் நடக்கும்போதே பணம் வசூலித்துத் தனி நிதி வைக்கட்டும். கம்பெனி மூடின பிறகு முதலாளியைத் தேடுவது பாம்பு போன பின் புற்றை அடிப்பதாகும். நான்காவது, சுத்தம் செய்து முடிக்க ஒவ்வோர் இடத்துக்கும் நாள் குறிக்கட்டும். ஐந்தாவது, வாரும் வேலையை யந்திரமும், உறையும், முகமூடியும், படிப்பும், நல்ல சம்பளமும் உள்ள வேலையாக்கட்டும். எந்த ஜாதியாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த வேலையாக அது இருக்கலாகாது.

பொது ஜனங்களுக்கும் கடமை உண்டு. கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் மார்ச் 22 தண்ணீருக்கென்றே ஏற்பட்ட நாள். அங்கே போய், "எங்கள் ஊர்க் கல்குழியில் கிடப்பது என்ன? எந்தத் தேதிக்குள் எடுப்பீர்கள்? யார் செலவில் எடுப்பீர்கள்?" என்று இந்த மூன்று கேள்வியையும் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும். பொன்மலை மேலிருக்கும் வேலாயுதசாமி ராத்திரியில் லாரி நம்பரைக் குறித்து வைக்கப் போவதில்லை. தலைவிதியும் கிணற்றைச் சுத்தம் செய்யப் போவதில்லை. மனிதன் போட்ட விஷத்தை மனிதன்தான் எடுக்க வேண்டும். போட்டவன் செலவிலேயே எடுக்க வேண்டும். அதைக் கேட்கும் துணிவு ஊராருக்கு வரும்வரை, கிணற்றுக்குப் பக்கத்தில் விஷமும், விஷத்துக்குப் பக்கத்தில் ஏழையும் இருந்துகொண்டேதான் இருப்பார்கள் என்பதைச் சொல்லி இதை முடிக்கின்றோம்.