சாகண் இசைப் பிரகடனம்

புணேக்கு அருகே சாகண் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கும் தமிழரும் மராத்தியரும் சேர்ந்து இன்று ஒரு ராக் இசை இயக்கத்தைத் தொடங்குகிறோம். முதல் வேலை ஒரு ஆல்பம். அது கேட்பவரைச் சிரிக்க வைக்கும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டோம்.

எங்களுக்கு வழி காட்டியது சென்னை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் திரட்டிய 19 கலைஞர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். சாவு வீட்டோடு நிற்கட்டும் என்று ஊர் ஒதுக்கிய கானாப் பாட்டும் சட்டி மேளமும் பறையும் அன்று எலெக்ட்ரிக் கிட்டாரோடும் ராப்போடும் சமமாக நின்றன. மாட்டுக்கறியும் இடஒதுக்கீடும் பாட்டாயின. கானாவின் நக்கல் இல்லாமல் அந்தக் கோபம் இவ்வளவு பேரை எட்டியிருக்காது என்பது எங்கள் துணிபு.

நக்கலோடு பாடுவது மகாராஷ்டிர மண்ணுக்கும் புதிதல்ல. 16ஆம் நூற்றாண்டில் பைட்டணின் ஏகநாதர், தேள் கொட்டித் துடிப்பவனாகவும், புகுந்த வீட்டாரை ஒழித்துவிடு என்று பவானியிடம் வேண்டும் மருமகளாகவும் மாறி, பாரூட் என்னும் நாடகப் பாட்டுகளைப் பாடினார். ஞானத்தைச் சிரிப்பில் வைத்துக் கொடுத்த ஞானி அவர். பக்திக் கவிகளின் ஊர்களான ஆளந்தியும் தேஹூவும் பக்கத்திலேயே இருக்க, பக்திப் பாட்டென்றால் முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னது?

முதல் ஆல்பத்துக்கு ஒரே பாணி வேண்டும் என்கிறார்கள். எங்கள் ரூமில் மதுரைக்காரரும் பீட்காரரும் ஒரே ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கிறோம். ஒப்பாரி முடிந்ததும் மராத்தி லாவணி வரும், அதன்பின் மெட்டல் வரும். எங்கள் காது பழகியதே அப்படித்தான். ஆல்பமும் அப்படியே இருக்கும்.

பாடப்போவது புணே–நாசிக் சாலை நெரிசலை, மார்க்கெட்டில் சரியும் வெங்காய விலையை, ஆண்டுக்கணக்கில் நிரந்தரமாகாத காண்ட்ராக்ட் வேலையை. யாருடைய நிறத்தையும் உடலையும் சாதியையும் பேச்சு வழக்கையும் கேலி செய்யமாட்டோம். அதிகாரத்தில் இருப்பவரைக் கேலி செய்வோம். வரிகளும் மெட்டும் எங்களுடையவை. சினிமா மெட்டைக் கடன் வாங்குவதில்லை. வரும் பணம் பாடியவருக்கும் கேபிள் சுருட்டியவருக்கும் சமம்.

வார விடுமுறை மாலைகளில் ஒத்திகை. வாத்தியம் தெரிந்தவர்கள் எடுத்து வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள், கோரஸுக்கு ஆள் போதவில்லை. பெண்கள் இதுவரை யாரும் சேரவில்லை. அவர்கள் இல்லாமல் ஒலிப்பதிவைத் தொடங்கமாட்டோம்.