உளவியல் பட்டம்: கட்டணத்திற்கு முன் தகுதியைக் கேளுங்கள்

இன்டர்மீடியட் முடித்து உளவியல் பயில விரும்பும் மாணவர்கள் காளஹஸ்தி போன்ற ஊர்களிலும் உள்ளனர். அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் கட்டணத்தை விசாரிக்கும் முன், அப்படிப்பு எந்தப் பணிக்குத் தகுதி அளிக்கும் என்று வினவுதல் வேண்டும்.

பொது உளவியலில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றதனால் மட்டும் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட இயலாது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த உயர்நிலைப் பயிற்சியும், அதன் பதிவேட்டில் பதிவும் தேவை.

செலவு குறைவு என்று தொலைநிலைக் கல்வியை நாடும் வழியும் இப்போது அடைபட்டுள்ளது. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. இது சரியான முடிவே. பிறர் துயரைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் நேரடிப் பயிற்சியால்தான் வாய்க்கும்.

அதற்கான வாய்ப்பு அருகிலேயே உள்ளது. 1954இல் நிறுவப்பெற்ற திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை உண்டு. தமிழ்நாட்டில் பயில விரும்புவோர்க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் தொடங்கிய துறை இருக்கிறது.

கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை; ஆயினும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே, இளநிலைப் பட்டத்தோடு கணக்கை நிறுத்தாமல், முதுநிலை, பயிற்சி, பதிவு வரையிலான மொத்தச் செலவையும் மதிப்பிட்ட பின்னரே விண்ணப்பத்தில் கையொப்பமிடுங்கள்.