மருந்தின் வீரியம் பொதுவுடைமை

செவிலியரும் நுண்ணுயிரியலாளரும், மருந்தாளுநரும் தூய்மைப் பணியாளரும், அறுவை மேசையில் கிடந்தவரும் அவருக்காக வராந்தாவில் விழித்திருந்தவரும் சேர்ந்து இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பரவுவதை விதி என்று ஏற்கும் மனநிலைக்கு எதிராக எழுகிறோம். நோய் தீர்க்கக் கட்டிய கூடம் நோய் கொடுக்கும் கூடமாக நீடிக்க எங்கள் இசைவு இல்லை.

பழைய ஒழுங்கு முடிந்துவிட்டது. ஒரு மருந்து தோற்றால் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கையின் மேல் அது நின்றது. நம்பிக்கை சரிந்தது, ஒழுங்கும் சரிந்தது. குறைந்த அளவில் தரப்படும் பெனிசிலின் கிருமியைக் கொல்லாது, பழக்கும் என்று அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார். உலகம் பரிசை நினைவில் வைத்தது, எச்சரிக்கையைக் கைவிட்டது. மெத்திசிலின் வந்தது, 1961-இல் அதற்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் பதிவாயிற்று. கார்பபெனெம் கடைசி அரண் என்றார்கள், என்.டி.எம்-1 என்னும் நொதி அந்த அரணைத் துளைத்தது. அதன் பெயரில் ‘நியூ டெல்லி’ என்று தலைநகரம் இருக்கிறதே என்று இந்தியா கோபித்தது. வார்டில் கிருமி இருக்கிறதே என்று கோபித்தவர் குறைவு. கோலிஸ்டின் மிஞ்சியது, அதையும் வெல்லும் எம்.சி.ஆர்-1 மரபணு 2015-இல் சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் தென்பட்டது. 2019 என்ற ஒரே ஆண்டில், அடங்காத பாக்டீரியாக்களின் நேரடி விளைவாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது உலகளாவிய ஆய்வின் மதிப்பீடு.

மருந்தின் வீரியம் பொதுவுடைமை. இதுவே எங்கள் முதற்கொள்கை. ஆன்டிபயாடிக்கை விழுங்குபவர் ஒருவர், அதன் வீரியத்தில் பங்கு இழப்பவர் எல்லோரும். அடங்காமையின் மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறி இனம் விட்டு இனம் தாவுகிறது. கிளெப்சியெல்லாவிடம் இருப்பது நாளை ஈ.கோலையிடம் இருக்கும். ஆகவே ஒரு வார்டின் அலட்சியம் அந்த வார்டோடு முடிவதில்லை, ஒரு நாட்டின் ஒழுக்கம் அந்த நாட்டை மட்டும் காப்பதில்லை.

தூய்மையே முதல் மருத்துவம் என்று அறிவிக்கிறோம். 1847-இல் வியன்னாவின் பிரசவ வார்டில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் சக மருத்துவர்களைக் கைகழுவ வைத்தார் மருத்துவர் செம்மல்வைஸ். தாய்மாரின் சாவு சரிந்தது; தங்கள் கைகளே குற்றவாளி என்பதை ஏற்க மனமில்லாத பெரியவர்கள் அவரைத் தள்ளிவைத்தனர். அந்த அகந்தை இன்னும் ஓய்வுபெறவில்லை. 2011-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்குள் ஒரே நோயாளியோடு நுழைந்த கிளெப்சியெல்லா 18 பேரைத் தொற்றியது. அவர்களுள் 11 பேர் இறந்தனர், ஆறு சாவுகளுக்கு அந்தத் தொற்றே காரணம் எனப்பட்டது. கழுவுதொட்டியின் வடிகாலில் அது இருந்தது. சுத்தம் செய்து வைத்த வென்டிலேட்டரிலும் இருந்தது. செல்வமும் அறிவும் குவிந்த இடத்தின் நிலை இது. துப்புரவை மலிவான ஒப்பந்தத்துக்கு விட்டு, அதனால் வரும் தொற்றை விலையுயர்ந்த ஊசியால் ஈடுகட்டும் கணக்கை நிராகரிக்கிறோம். தரை துடைப்பவரின் பயிற்சியும் ஊதியமும் அறுவை மருத்துவரின் கருவிக்கு நிகரான சிகிச்சைச் செலவு என்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கைகழுவாத பேராசிரியரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இளைய செவிலியருக்கு உண்டு என்கிறோம்.

நோயாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பிரசாரத்தை மறுக்கிறோம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவரைப் பழித்துவிட்டு, கல்ச்சர் பரிசோதனைக்கு வழியில்லாமல் அனுமானத்தில் எழுதப்படும் சீட்டை மன்னிப்பது நீதியாகாது. கோழியைக் கொழுக்கவைக்க மருந்து தூவும் பண்ணையை மறுக்கிறோம். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில், சுத்திகரித்த மருந்தாலைக் கழிவுநீரில் சிப்ரோஃப்ளாக்சசின் நோயாளியின் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவையும் தாண்டியிருந்ததை 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய ஆலை தரும் மலிவை மறுக்கிறோம். அதே உறுதியோடு, உரிய மருந்து எட்டாமல் இறக்கும் ஏழையின் பெயரையும் எங்கள் கணக்கில் எழுதுகிறோம். கட்டுப்பாடு என்பது மறுப்பின் வேறு பெயராக அனுமதிக்கமாட்டோம்.

சந்தை இதைத் தீர்க்காது. புதிய ஆன்டிபயாடிக்கைப் பூட்டிவைப்பதே அறிவுடைமை. விற்றுத் தீர்ப்பதே வணிகம். பிளாசோமைசின் என்னும் புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் அனுமதி பெற்ற அகாவோஜென் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலாயிற்று. தீப்பிடிக்காத நாளிலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் தருவது போல, பயன்படுத்தாத மருந்துக்கும் அரசு விலை தர வேண்டும்.

வரலாறு எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. விற்பனை அளவைப் பாராமல் இரண்டு மருந்துகளுக்கு ஆண்டுக் கட்டணம் தரும் முறையை இங்கிலாந்து 2022-இல் தொடங்கியது. தேடிக் கண்டு தனிமைப்படுத்தும் கண்டிப்பால் நெதர்லாந்து மெத்திசிலினுக்கு அடங்காத கிருமியைப் பல பத்தாண்டுகளாக ஒடுக்கி வைத்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிராக 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்தை எங்கள் மூத்த ஆவணமாக மதிக்கிறோம். இந்தியாவில் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மருந்துச் சீட்டையும் விற்பனைப் பதிவேட்டையும் கட்டாயமாக்கிய அட்டவணை எச்-1, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காகிதம் போதுமான அளவுக்கு எழுதப்பட்டுவிட்டது. எங்கள் தலைமுறையின் பங்கு அதைக் கடையிலும் வார்டிலும் நடத்திக்காட்டுவது.

எங்கள் முதற்கோரிக்கை எளியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கூரையின்கீழ் தொற்றிய நோய்களின் எண்ணிக்கையை, எந்தக் கிருமி, எந்தப் பிரிவு என்ற விவரத்தோடு மாதந்தோறும் வாசலில் ஒட்ட வேண்டும். எங்களில் பணியிலிருப்போர் தத்தம் பிரிவிலிருந்தே இக்கணக்கைத் தொடங்குகிறோம். ஒட்ட மறுக்கும் நிர்வாகம், மறுப்பதற்கான காரணத்தை அதே வாசலில் ஒட்டட்டும்.