வாசலுக்கு ஒரு பூமரம்!

உடுமலைப்பேட்டைக்காரர்களுக்குத் துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்பாலையும் பனியன் கம்பெனியும் சோறு போடும் சீமை இது. ஆனால், துணியின் பெயரைத் தாங்கிய ஒரு மரம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மரத்தின் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ்கள் கிரேப் துணியைப் போலச் சுருங்கிச் சுருங்கி இருக்கும். ஆகவே ஆங்கிலேயர் அதற்குக் 'கிரேப் மிர்ட்டில்' என்று பெயர் வைத்தார்கள். நாற்றுப் பண்ணையில் 'லேகர்ஸ்ட்ரோமியா' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஆனைமலைக் காட்டில் வழவழப்பான வெளிர் பட்டையோடு நிற்கும் வெந்தேக்கு இதற்கு உறவு. கோடையில் ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கும் பூமருது இதற்கு அண்ணன். அந்தப் பூமருதின் மலர்தான் மராட்டிய மாநிலத்தின் மாநில மலர்!

அண்ணன் பெரிய மரம். பள்ளிக்கூட மைதானத்துக்கும் தோட்டத்துக்கும் ஏற்றது. அதை மின்கம்பியின் கீழே நட்டால், வளர்ந்ததும் வெட்டத்தான் வேண்டி வரும். தம்பி சிறிய மரம். சின்ன வீட்டு வாசலுக்கு அது போதும்.

வளர்ப்பது கடினமல்ல. நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள். நிழலில் வைத்தால் பூ குறையும். இலையில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். இரண்டடிக் குழி எடுத்து, மக்கிய எருவும் மண்ணும் கலந்து நடுங்கள். யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். இலைதான் தழைக்கும், பூ வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றின் வேகம் நாம் அறிந்ததே. கன்றுக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டி விடுங்கள்.

இனிக் கவாத்து. பட்டுப்புழு வளர்ப்போர் இலைக்காக மல்பெரியை ஒட்ட வெட்டுவார்கள். அது சரி. பூமரத்தை அப்படி மொட்டையடிக்கலாமா? கூடாது! வெட்டிய இடத்தில் நோஞ்சான் கிளைகள் நீளமாகக் கிளம்பும். பூவின் பாரம் தாங்காமல் வளையும், காற்றில் முறியும். தை, மாசியில் காய்ந்த குச்சிகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும். புதுத் தளிரில்தான் பூ வரும். தளிர் விட்ட பிறகு வெட்டினால், அந்த ஆண்டுப் பூவையே வெட்டியதாகும்.

தமிழக அரசு 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலப் பரப்பில் 33 சதவீதம் காடும் மரமுமாக வேண்டும் என்பது அதன் குறிக்கோள். நல்ல குறிக்கோள்தான். ஆனால் ஊர் தோறும் நடப்பது என்ன? விழா நடக்கிறது. கன்று நடுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை! சித்திரை வெயிலில் கன்று கருகிவிடுகிறது. குழியும் கம்பி வேலியும்தான் மிச்சம்.

நூறு கன்று நட்டுத் தொண்ணூறைச் சாக விடுவதைவிட, பத்து நட்டுப் பத்தையும் காப்பாற்றுவது மேல். நடுவதற்கு முன்பே, தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் மட்டும் குழி தோண்டுங்கள்.

கஷ்டமெல்லாம் முதல் இரண்டு கோடைக்குத்தான். அதற்குப் பெரிய செலவும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரும், காய்கறி கழுவிய தண்ணீரும் வீணாகப் போகின்றனவே? அதை ஊற்றுங்கள். அந்த வேலையை வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தான் வளர்த்த மரத்தை வெட்ட எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது!