வெள்ளத்துக்கும் ஒரு கிராமக் கணக்கு வேண்டும்

சென்னை எழிலகத்தில் இருக்கும் வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கு,



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கடைமடையில் என்ன நடந்தது என்று தங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. அதையெல்லாம் தொலைக்காட்சிகள் காட்டிவிட்டன. நான் எழுத வந்தது அதற்கடுத்த நான்கு வாரங்களைப் பற்றி.

தண்ணீர் வடிந்த பிறகு ஏரல் பக்கம் போயிருந்தேன். ஒரு வீட்டு முன்னறைச் சுவரில், காலண்டர் மாட்டும் ஆணிக்கு நான்கு விரல் மேலே மெல்லிய சேற்றுக்கோடு ஒன்று ஓடியது. அதற்கு ஒன்றரை அடி கீழே இன்னொன்று. இது பட்டையாக, கறுத்து இருந்தது. மேலே இருந்தது தண்ணீர் ஏறிய உச்சம். அங்கே அது அதிக நேரம் நிற்கவில்லை, அதனால்தான் கோடு மெல்லிசு. கீழே இருந்தது அது தேங்கி நின்ற மட்டம். எவ்வளவு ஏறியது, எங்கே தங்கியது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே சுவரில் பதில் இருந்தது.

அப்புறம் பொங்கல் வந்தது. வெள்ளையடித்தார்கள். நல்ல நாளும் அதுவுமாகச் சேற்றுச் சுவரோடு யார் இருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏரலிலும் ஆத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் எத்தனையோ சுவர்கள் எழுதி வைத்திருந்த கணக்கு ஒரே மாதத்தில் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது.

அந்த நாட்களில் அரசு அந்தத் தெருக்களுக்கு வராமல் இல்லை. கிராம நிர்வாக அலுவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக வந்தது. இடிந்த வீடு, செத்த மாடு, மூழ்கிய வாழை எல்லாம் பட்டியலில் ஏறின. தண்ணீர் எத்தனை அடி ஏறியது என்று எழுத மட்டும், நான் பார்த்த படிவங்களில் கட்டம் இல்லை.

நான் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான். தமிழ்நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் கடலோரத்திலும் இதுவரை வந்த வெள்ளங்களுக்கு ஒரு பொதுத் தரவுத்தளம் வேண்டும். எந்த நாள், எந்தத் தெரு, எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது, எந்தக் கரை எந்த இடத்தில் உடைந்தது, இது நமக்கு எப்படித் தெரியும் என்பவை அதில் இருக்க வேண்டும். பட்டாவைப் பார்ப்பது போல, புல எண்ணைக் கொடுத்தால் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

சரக்குக்குப் பஞ்சமில்லை, அது சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அணைகளின் தினசரிப் பதிவேடு நீர்வளத் துறையிடம் இருக்கிறது. முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளக்கிறது. ரயில்வேக்காரர்கள் பாலத் தூண்களிலேயே உச்ச வெள்ள மட்டத்தைப் பெயின்டில் எழுதி, ஆண்டையும் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் இருக்கின்றன. வெள்ளத்தால் விளைச்சல் போனதென்று எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய் ஆண்டில், எந்த ஊருக்கு வரி தள்ளுபடி ஆனது என்று தேடினால் அதுவே ஒரு வெள்ள வரைபடம். இன்னும் பின்னே போனால் கல்வெட்டுகள்: ஆறு உடைத்து, நிலம் மணல் மேடாகி, எல்லை அழிந்து, மறுபடி அளந்து வரி நீக்கிய செய்திகள். ஐஐடி டெல்லி ஆய்வாளர்கள் 1967 முதலான இந்திய வெள்ளங்களைத் தொகுத்திருக்கிறார்கள். நல்ல வேலைதான், ஆனால் அது மாவட்ட அளவோடு நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் வெள்ளம் என்றால், மாவட்டத்தின் மேற்கே வானம் பார்த்த கரிசலில் இருப்பவருக்கும் ஏரல்காரருக்கும் ஒரே பதிலா?

ஊர்க்காரர்களின் வாய்க்கணக்கு ஒன்றும் இருக்கிறது. திருநெல்வேலியில் வெள்ளத்துக்கு அளவுகோல் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில் அது. மண்டபத்தில் எதுவரை தண்ணீர் என்று கேட்டுத்தான் அடுத்த பேச்சே. வயதானவர்கள் கல்யாணத்தையும் பேறுகாலத்தையும்கூட ‘அது தொண்ணூத்திரண்டு வெள்ளத்துக்கு முந்தின வருசம்’ என்றுதான் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு எழுத நமக்கு இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.

அந்த 1992ஐப் பாருங்கள். அந்த நவம்பரில் மாஞ்சோலை மலையில், காக்காச்சியில், ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதாவது முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில், ஏறக்குறைய ஒரு மீட்டர் மழை, இதே வட்டாரத்தில் இரண்டு முறை. ஒன்று மலை உச்சியில், இன்னொன்று கடற்கரையில். 1992ஐ மட்டும் மனதில் வைத்திருந்தவர்கள் அணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2023இல் மலையிலும் மழைதான். ஆனால் அணைகளுக்குக் கீழே, சமவெளியில் விழுந்த தண்ணீரைத் தடுத்து நிறுத்த எந்த மதகும் கிடையாது; அது குளம் குளமாக நிரப்பி உடைத்துக்கொண்டு போனது. எந்தக் குளம் எந்த இடத்தில் உடையும் என்று ஊருக்குள் கேட்டால் சொல்வார்கள், முன்பும் அங்கேதான் உடைந்தது என்று. அந்தப் பேச்சு சரியா தவறா என்று சோதிக்கக்கூட நம்மிடம் தொடர்ச்சியான பதிவு பொதுவில் இல்லை.

பாலம் கட்டவும் மனைப்பிரிவுக்கு அனுமதி தரவும் பொறியாளர்கள் ‘நூறாண்டு வெள்ளம்’ என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். ஒருமுறை வந்துவிட்டால் நூறு வருடத்துக்கு விடுமுறை என்பதல்ல. முப்பதாண்டு வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்க நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலான வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்குக்கு நாற்பது, ஐம்பது ஆண்டு அளவீடு மட்டும் கையில் இருந்தால் விடை கண்டபடி ஊசலாடும். அதற்கு முந்திய பெரிய வெள்ளங்கள் இரண்டு மூன்று, தோராய உயரத்தோடு கிடைத்தாலும் போதும், கணக்கு ஒரு நிலைக்கு வரும். காவிரியில் 1924 ஜூலையை விட்டுவிட்டு யாராவது கணக்குப் போட முடியுமா? கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்து அதே வெள்ளத்தை இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். சென்னையில் 1943, 1976, 1985, 2005, 2015. கோட்டூர்புரத்தில் ஃபிளாட் வாங்குகிறவருக்கு இதில் எத்தனை ஆண்டு தெரியும்? வில்லங்கச் சான்று அந்த மனையின் பழைய அடமானத்தையெல்லாம் காட்டும், வெள்ளத்தைக் காட்டாது.

பிரான்சில் இதைச் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் ஒரு வெள்ள நெறிமுறை கொண்டுவந்தது. உறுப்பு நாடுகள் 2011க்குள் தங்கள் பழைய வெள்ளங்களை ஆராய்ந்து ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்றது. அந்த வேலையில் சேர்ந்த ஆவணங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் அலமாரியில் பூட்டாமல், பொதுமக்களுக்கான தரவுத்தளமாகத் திறந்துவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய 2003ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ள ஆபத்துள்ள ஊர்களில் மேயர் தம் ஊரின் பழைய வெள்ளக் குறிகளைக் கணக்கெடுக்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்தால் புதுக் குறியும் பதிக்க வேண்டும். பாரிசில் 1910 வெள்ளத்தின் குறிகளை இன்றும் சுவர்களில் பார்க்கலாம்.

செய்யும்போது ஒன்றில் கண்டிப்பு வேண்டும். ‘முழங்கால் அளவு’, ‘இடுப்பளவு’, ‘சாலையிலிருந்து மூன்றடி’ என்றெல்லாம் எழுதினால் பத்தாண்டில் அதற்கு மதிப்பில்லை. நம் ஊரில் சாலை போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போகிறது. 2015இல் மூன்றடி என்றால் எந்தச் சாலையிலிருந்து? கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுத வேண்டும். அதற்கு ஒரு லெவல் கருவி, நில அளவைத் துறையில் ஓர் ஆள், அருகில் உள்ள அளவுக்கல். பாலிடெக்னிக் சிவில் மாணவர்களைக் கூடச் சேர்த்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு தெருவை முடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தரமும் குறிக்க வேண்டும். கருவியால் அளந்ததா, சுவர்க்குறியோ புகைப்படமோ இருக்கிறதா, வாய்மொழி மட்டுமா? வாய்மொழி என்று தள்ளிவிடவும் வேண்டாம், அளந்ததோடு கலந்துவிடவும் வேண்டாம். பழைய குறியை அப்படியே இன்றைக்குப் பொருத்தவும் முடியாது. மணிமுத்தாறு அணைக்கு முந்திய தாமிரபரணி வேறு, இப்போதைய ஆறு வேறு. மணல் அள்ளிய இடத்தில் படுகை இறங்கியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆறு மாறிக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றமும் குறிப்பில் ஏற வேண்டும்.

எதிர்ப்பு வரும். மனை விலை விழும் என்பார்கள். விழட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அங்கே மாட்டிக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் இன்று அந்த நஷ்டம் எங்கே போகிறது? விவரம் தெரிந்த புரோக்கர் விற்கிறார், தெரியாதவர் வாங்குகிறார். தரவைத் திறந்தால் அனுமதி கொடுத்த அதிகாரியிடம் கேள்வி வரும் என்ற தயக்கம் உள்ளுக்குள் இருக்கலாம். அது நியாயமான கேள்விதான், வரட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் மூடி வைப்பது சரி: நிவாரணப் பட்டியலில் உள்ள பெயர், அட்டை எண், வங்கிக் கணக்கு எதுவும் வெளியே வரக் கூடாது. தெருவும் உயரமும் போதும்.

இதற்குப் புதிதாக ஓர் ஆணையமோ, பெரிய டெண்டரோ வேண்டாம். தங்கள் துறையிடம் ஏற்கெனவே ஜமாபந்தி இருக்கிறது. ஆண்டுதோறும் பசலி முடியும் சமயத்தில் கிராமக் கணக்குகள் தாலுகா அலுவலகத்துக்கு வருகின்றன, அ-பதிவேட்டிலிருந்து அடங்கல் வரை சரிபார்க்கிறார்கள், மக்களும் மனுவோடு வருகிறார்கள். அந்தக் கணக்குகளோடு வெள்ளப் பதிவேடு ஒன்றையும் சேருங்கள். கிராமத்தில் தெரிந்த பழைய வெள்ளங்களுக்கு ஒரு பக்கம், கடந்த ஆண்டு வந்ததற்கு ஒரு பக்கம், உடைந்த குளக்கரைக்கு ஒரு பக்கம். ஜமாபந்தி அன்றைக்கே அதை ஊரார் முன்னிலையில் வாசிக்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லிக் கை தூக்குவார்கள். கையொப்பமான பக்கத்தை ஸ்கேன் செய்து அன்று மாலையே இணையத்தில் ஏற்றலாம்.

மாநிலம் முழுக்க ஒரே ஆண்டில் முடியாது. வரும் ஜமாபந்தியில் ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர் ஆகிய மூன்று தாலுகாக்களில் தொடங்க ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த வெள்ளம் எங்கே வந்தாலும், தண்ணீர் வடிந்த ஒரு வாரத்துக்குள், வீட்டுக்காரர்கள் சுவரைக் கழுவும் முன்பு, உயரம் குறித்துவிட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைவாசி ஒருவர்