கதவைத் திறந்து வைத்தது யார்?



புலமைப்பரிசில் நிதியின் இணையத்தளத்தை "ஹேக் பண்ணிட்டான்" என்று ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளையை நாலு நாளாக ஊரே கள்ளனாக்கி வைத்திருக்கிறது. அவனுக்குக் கணனி படிப்பித்த ஆசிரியர்கள் நாங்கள். நாங்களும் பேசத்தான் வேண்டும்.

நடந்தது இதுதான். அந்தத் தளத்தில் அறிவித்தலைத் திறந்தால், மேலே முகவரியின் கடைசியில் ஒரு கோப்பின் பெயர் நிற்கும். அங்கே எந்தப் பெயரை எழுதினாலும் சர்வர் அந்தக் கோப்பை எடுத்து வந்து காட்டிவிடும். கந்தோரில் துண்டில் எழுதிய ஃபைலை, கேட்பவர் யார் என்று பார்க்காமல் கொண்டுவந்து நீட்டுகிற பியோன் மாதிரி. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் (../) போட்டால் மேலே உள்ள ஃபோல்டருக்குப் போகலாம். இது நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாடம். பிள்ளை போட்டுப் பார்த்தான். விண்ணப்பித்த விதவைத் தாய்மாரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் திரையில் வந்து நின்றன. அன்றைக்கே நிர்வாகத்திடம் போய்ச் சொன்னான். கிடைத்த பதில், "பொலிசில குடுப்பம்."

அனுமதியில்லாமல் அடுத்தவர் தளத்தில் கை வைப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டப்படி பிழைதான். அதை அவனுக்குச் சொல்லிவிட்டோம். ஆனால் அந்தத் தாய்மாரின் அமானிதத்தைத் தெருவில் வைத்தவர்களுக்கு யார் சொல்வது?

"நம்மட சின்னத் தளத்த ஆரு வந்து பாக்கப் போறா?" என்கிறார்கள். ஆள் வந்து பார்ப்பதில்லை, தானாக ஓடும் நிரல்கள்தான் தளம் தளமாகத் தட்டிப் பார்க்கின்றன. 2014இல் வேர்ட்பிரஸ் தளங்களில் படம் ஓட்டுகிற 'ஸ்லைடர் ரெவல்யூஷன்' என்ற இணைப்பில் இதே மாதிரி ஓட்டை இருந்தது. முகவரியில் கோப்பின் பெயரை எழுதினால் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லே கைக்கு வந்துவிடும். திருத்திய பதிப்பு அந்த வருடத் தொடக்கத்திலேயே வந்தும், தங்கள் தளத்தில் அந்த இணைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. டிசம்பரில் நடந்த தாக்குதலில் கூகுள் தடுத்து வைத்த தளங்கள் மட்டும் 11,000க்கு மேல். அவற்றில் எத்தனை பேர் "நம்மட சின்னத் தளம்" என்று இருந்தார்களோ!

இப்போது தளம் செய்த தம்பி, "../" வந்தால் அழித்துவிடுகிற மாதிரி ஒரு வரி போட்டிருக்கிறாராம். அது போதாது. "....//" என்று எழுதினால், நடுவில் உள்ளதை அழித்த பிறகு மிஞ்சுவது அதே "../" தான். காட்ட வேண்டிய பக்கங்கள் ஆறோ ஏழோ. அவற்றின் பெயர்களைப் பட்டியலாக எழுதி வைத்து, பட்டியலில் இல்லாத எதையும் மறுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. காசு கேட்டால் நாங்கள் சும்மா செய்து தருகிறோம்.

அதுவரைக்கும் தளத்தை மூடுங்கள். விண்ணப்பித்த ஒவ்வொரு தாய்க்கும் நடந்ததை மறைக்காமல் அறிவியுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கிற கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையையும் வாப்பாவையும் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஏசிய நீங்கள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். நாங்களும் வருவோம்.