மரக்காணத்து மீனுக்கு ஜப்பான் சமையல் ஒத்துவராதா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரைக்குச் சுமார் 35 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தொலைவுதான். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், அனுமந்தைக்குப்பம், எக்கியார்குப்பம் என்று விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம் முழுக்க மீனவர் ஊர்கள். இப்படி ஒரு இடத்தில் இருந்துகொண்டு ஜப்பான் முறையில் மீன் சமைப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே பதில் வருகிறது: "அது பச்சை மீன் தின்கிறவங்க சாப்பாடு. மசாலா கிடையாது, கவிச்சி அடிக்கும். சாமானும் இங்கே கிடைக்காது. நம்ம ஊருக்கு வர்ற மீனும் அதுக்கு ஆகாது, விலையும் கட்டாது. சென்னைக்காரங்களுக்குத்தான் சரிப்படும்." படித்தவர்களும் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் ஒரே ஒரு விஷயத்தைத் தவிர வேறெதையும் என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் பச்சை மீன். ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் செய்யும் மீன் உணவில் பெரும்பகுதி நெருப்பைப் பார்த்ததுதான். உப்புத் தடவிச் சுட்ட மீன், சோயா சாஸும் இஞ்சியும் சேர்த்து வேகவைத்த மீன், மாவில் தோய்த்துப் பொரித்த இறால் இவையெல்லாம் அங்கே வாராவாரம் அடுப்பில் ஏறுகிறவை. சோற்றின் மேல் மீன் வைக்கும் சுஷியிலேயே இறாலைப் பெரும்பாலும் அவித்துத்தான் வைக்கிறார்கள். விலாங்கு மீனின் ரத்தத்தில் நச்சு உண்டு, சூட்டில்தான் அது முறியும். அதனால் விலாங்கைச் சுட்டே வைக்கிறார்கள்.

பச்சையாகச் சாப்பிடும் மீனுக்கும் கறாரான கட்டுப்பாடு உண்டு. புழு, ஒட்டுண்ணி சாக வேண்டுமானால் மீனை −20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைத்திருக்க வேண்டும், அல்லது −35 டிகிரியில் கெட்டியாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவு. நம் வீட்டு ஃப்ரீசர் −18 டிகிரியைத் தொட்டாலே பெரிது. மின்சாரம் போய்விட்டால் அதுவும் இல்லை. அப்படி உறையவைப்பதும் ஒட்டுண்ணியைத்தான் கொல்லும், பாக்டீரியாவை அழித்துவிடாது. ஆகவே விழுப்புரத்து வீட்டில் யாரும் பச்சை மீன் சாப்பிட வேண்டாம். வீடூர் அணை மீனும் ஏரிக் கெண்டையும் எக்காரணம் கொண்டும் கூடாது. பச்சை மீனை ஒதுக்கிவிட்டாலும் ஜப்பானிய மீன் சமையலில் முக்கால்வாசி நமக்கு மிச்சமிருக்கிறது.

அடுத்தது கவிச்சி. மசாலா போட்டால்தான் மீன் வாடை போகும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் வாடை வரும் வழி வேறு. கடல் மீனின் தசையில் இயல்பாகவே ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமின் என்ற வாயுவாக மாற்றுகிறது. நாம் கவிச்சி என்று மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் இதைத்தான். அதாவது, வாடை என்பது அந்த மீன் எத்தனை நேரம் சூட்டில் கிடந்தது என்பதற்கான கணக்கு. புளிப்பு அந்த வாயுவைக் கட்டிப்போடும். நம் குழம்பில் புளி செய்கிற வேலையை ஜப்பானியர் எலுமிச்சையையும் வினிகரையும் வைத்துச் செய்கிறார்கள். மிளகாய்த் தூள் வாடையை நீக்குவதில்லை, வேறு மணத்தால் மூடுகிறது, அவ்வளவுதான்.

கானாங்கெளுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் பலர் கானாங்கத்தை என்கிறார்கள். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்குதான் இதற்கு ஆகும். அரைக்கிலோ மீனுக்கு 10 கிராம் உப்பு போதும், மரக்காணத்து உப்பளத்துக் கல்லுப்பாக இருந்தாலும் சரி. குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டை விரல் நகத்தால் சுரண்டிக் கழுவி, ஈரம் துடைத்து, இரண்டு பக்கமும் சாய்வாகக் கீறி உப்பைத் தூவி வைத்துவிடுங்கள். 20 நிமிடத்தில் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். வாடையில் பாதி அந்தத் தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. அதைத் துடைத்தெறிந்துவிட்டுக் கரியடுப்பிலோ காய்ந்த தோசைக்கல்லிலோ போட்டால், மீனின் கொழுப்பே உருகி அதன் தோலை மொறுமொறுப்பாக்கும். பக்கத்தில் வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் பிழிந்து வைத்து, நாலு சொட்டு சோயா சாஸும் எலுமிச்சைச் சாறும் விட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானியர் ஷியோயாகி என்று சொல்லும் பண்டம் இவ்வளவுதான். பொன்னியரிசிச் சோறும் இந்த மீனும் போதும். மீனுக்கென்று ஒரு ருசி இருக்கிறது என்பதையே மசாலா நம்மை மறக்கவைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வறுத்த மீனை நான் விடப் போவதில்லை. ஆனாலும் இதை ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்க்காமல் ஒதுக்குவது நியாயமில்லை.

சாமான் கிடைக்காது என்பது மூன்றாவது வாதம். சோயா சாஸ் இல்லாத மளிகைக்கடை இன்று திண்டிவனத்தில் இருக்காது, ஃப்ரைட் ரைஸ் வண்டிகள் அதைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்துவிட்டன. கொஞ்சம் செலவு செய்தால் ஜப்பானின் கிக்கோமன் பாட்டிலும் இணையத்தில் கிடைக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது டாஷி என்கிற அடிச்சாறு. அங்கே அதைக் கொம்பு என்ற கடற்பாசியிலும், சூரை இன மீனைப் புகைபோட்டுக் காயவைத்த கட்சுவோபுஷியிலும் எடுப்பார்கள். கொம்புவின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று டோக்கியோவில் கிக்குனே இக்கேடா 1908இல் கண்டறிந்தார். கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது.

ஆனால் ஜப்பானில் எல்லா வீட்டிலும் கட்சுவோபுஷி சீவிக்கொண்டிருப்பதில்லை. காய்ந்த சின்ன மீனைக் கொதிக்கவைத்து எடுக்கும் நிபோஷி டாஷியும் அங்கே பழகிய ஒன்று. அந்தச் சின்ன மீனில் பெரும்பங்கு நெத்திலியின் இனம்தான். நம் சந்தையில் கருவாட்டுக்கார அம்மாவின் கூடையில் அது குவிந்து கிடக்கிறது. தலையையும் குடலையும் கிள்ளியெறிய வேண்டும், கசப்பு அங்கேதான் இருக்கிறது. மணல் போக அலசி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடிகட்டினால் டாஷி தயார். அவர்கள் மீனை உப்புத் தண்ணீரில் அவித்துவிட்டுக் காயவைக்கிறார்கள். நாம் அப்படியே வெயிலில் போடுகிறோம். அதனால் நம் சாறு கொஞ்சம் முரட்டு மணமாகவே இருக்கும். ஒரு பழுத்த நாட்டுத் தக்காளியைச் சேர்த்தால் கொம்பு தரும் குளூட்டமேட்டில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் நம் பாட்டிமார் தக்காளி போட்டதற்கும் அதே ருசிதான் காரணம்.

"அப்படியானால் அது அசல் ஜப்பான் சமையல் இல்லையே" என்பார்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவே 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஜப்பானுக்குப் போனதுதான். நமக்கு மிளகாயைக் கொண்டுவந்ததும் அந்தப் போர்ச்சுகீசியர்தான். சுஷி என்றதும் எல்லோர் நினைவிலும் வருகிற சால்மன், 1980களில் நார்வேக்காரர்கள் போய் விற்ற பிறகுதான் அங்கே பரவலாகப் பச்சையாக உண்ணப்பட்டது. டோக்கியோ ஷின்ஜுகுவில் உள்ள நாகமுராயா கடை 1927 முதல் இந்தியக் கறியைப் பரிமாறுகிறது. வங்கத்துப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் கற்றுக்கொடுத்த சமையல் அது. ஊர் ஊராக வாங்கி, தங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட சமையல்காரர்கள் ஜப்பானியர். மரக்காணத்து நெத்திலியில் டாஷி எடுத்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளியே சாப்பிட விலை கட்டாது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு சென்னையில் அவர்களுக்கான உணவகங்களும் கூடின. அவை மலிவானவை அல்ல. அங்கே போகிறவர்கள் சஷிமி என்கிற பச்சை மீன் தட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுட்ட மீனும் சோறும் சூப்பும் சேர்ந்த மதியச் சாப்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தச் சமையலின் உண்மையான முகம் அதில்தான் தெரியும். பச்சை மீன் வைத்தால், எந்தக் குளிரில் எத்தனை நாள் உறையவைத்தது என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அதைத் தொட வேண்டாம். நண்டுக்குச்சி என்று வருவது நண்டு அல்ல, சங்கரா போன்ற மீனை அரைத்த சுரிமி. அந்த சுரிமி இந்தியாவிலிருந்தே ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது.

நான் ஒத்துக்கொள்வதாகச் சொன்ன அந்த ஒரு விஷயம் இதுதான்: நம் ஊருக்கு வந்துசேரும் மீன் பல சமயம் இந்தச் சமையலுக்கு லாயக்கில்லாமல் இருக்கிறது. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மூன்றும் சூட்டில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் ஊறிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், வறுத்தாலும், எவ்வளவு காரம் போட்டாலும் அது அழியாது. மசாலா நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணி, ஐஸ் இல்லாமல் பலகையில் கிடக்கும் மீனை வாங்குகிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மீனைவிட ஐஸ் அதிகமாக இருக்கும் பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா, அழுத்திய விரல் தடம் நிற்காமல் மறைகிறதா என்று பாருங்கள். பையில் ஐஸ் போடச் சொல்லுங்கள். கேட்பவர் பத்துப் பேரானால் கடைக்காரர் மறுநாள் இன்னொரு பார் ஐஸ் இறக்குவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வெளியூரிலிருந்து வரும் மீன் இங்கே வருவதற்குள் களைத்துவிடும். அந்த நாள்களில் நான் பண்ணை இறாலில் டெம்புரா செய்யப் போய்விடுவேன். குடல் நரம்பை உருவி, வயிற்றுப் பக்கம் மூன்று நான்கு கீறல் போட்டால் எண்ணெயில் சுருளாமல் நீளமாக நிற்கும். மைதாவில் கொஞ்சம் அரிசி மாவு, ஒரு முட்டை, ஐஸ் தண்ணீர். கட்டி இருந்தாலும் பரவாயில்லை, கலக்கிக்கொண்டே இருந்தால் மாவு இழுவையாகிவிடும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டு, வெளுப்பாக இருக்கும்போதே எடுத்து, சூடு ஆறுவதற்குள் நெத்திலிச் சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.